கல்லுக்குக் கொடுத்த பணமும் கடவுளுக்குக் கொடுத்த பணமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் நாம் பேசுவதாக நோட்டீசில் அச்சிட்டிருக்கும் விஷயம் வேறு. ஆனால் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பாகவே அன்பர் ஒருவர் மேடைக்குச் சீட்டு ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறார். அதைப் படித்துப் பார்த்ததும், அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதைப் பேசினாலும் அது நழுவிக் கொண்டதாகத்தான் ஆகும் என்று நமக்குத் தோன்றிற்று. ஆகவே சீட்டை முதலில் படித்துக் காட்டி விடுகின்றோம். அதில் கண்டிருப்பதாவது:

"கோவிலுக்கு சர்க்கார் பணம் கொடுக்கக் கூடாது என்று ஊர் ஊராய்ப் பேசி வருகின்றீர்கள். உங்களைப் போன்ற நாஸ்திகர்கள் கூடிச் சட்டம் செய்த பிரஞ்சு தேசத்திலேயே, பாரிசு பட்டணத்து மாதா கோவில் எரிந்து போனபோது சர்க்காரே முன்னின்று கட்டிக் கொடுக்கவில்லையா? அவர்கள் செய்தால் பகுத்தறிவு, நாங்கள் கேட்டால் மூடநம்பிக்கையா? எங்கள் ஊர் சிவன் கோவிலும் பழைய கோவில்தான். அதற்கு மானியம் கேட்டால் ஏன் குறுக்கே வந்து நிற்கின்றீர்கள்?"

கொஞ்சம் கோபமாய் எழுதியிருந்தாலும் கேள்வி யோக்கியமான கேள்விதான். இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டவரை விரோதியாக நினைப்பது பகுத்தறிவுக்காரர் வேலையல்ல. மேலும் அவர் சொல்லும் சங்கதியும் நிஜந்தான். பாரிசு மாதா கோவிலை பிரஞ்சு சர்க்காரே முன்னின்று திரும்பக் கட்டியது. அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் எதைக் கட்டினார்கள், எதைக் கட்ட மறுத்தார்கள், யார் வீட்டைக் கட்டினார்கள் என்பவற்றையெல்லாம் கடைசி வரையில் கேட்டுவிட்டுப் பிறகு அன்பர் தீர்ப்புச் சொல்லட்டும்.

2019-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி மாலையில் அந்தக் கோவிலின் கூரை பற்றி எரிந்தது. உள்ளேயிருந்தவை பல நூறு வருஷத்து ஓக் மரங்கள். சில மணி நேரத்தில் நடுவிலிருந்த ஊசிக் கோபுரமும் சாய்ந்தது. மாதாவானவள் தன் வீட்டுக் கூரையைக் காப்பாற்றிக் கொள்ளவில்லையே என்று நாம் கேட்டால் அன்பருக்குக் கோபம் வரும், ஆகையால் கேட்கவில்லை. காப்பாற்றியவர்கள் நெருப்பணைக்கும் படையினர் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகின்றோம். ஒரு வேடிக்கை. ஊசிக் கோபுரம் விழுந்ததைப் பார்த்து, ஆயிரம் வருஷத்துப் பெருமை விழுந்துவிட்டது என்று நம் நாட்டில்கூடப் பலர் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கோபுரம் 1859-இல் வியொலே லெ தூக் என்ற கட்டிடக்காரர் புதிதாக வைத்தது. பழசு என்று ஜனங்கள் நினைப்பதில் எவ்வளவு பங்கு நேற்றைய வேலை என்பதற்கு அது ஒரு அத்தாட்சி.

பிறகு பணம் குவிந்தது. சுமார் 150 தேசங்களிலிருந்து 3,40,000 பேர் கொடுத்த தொகை ஏறக்குறைய 84 கோடியே 60 லட்சம் யூரோ. இதைக் கேட்டவுடன், சர்க்கார் பணமே இல்லையே, பக்தர்கள் பணந்தானே என்று ஒருவர் சொல்லலாம். அதுவும் முழு உண்மையல்ல. அந்த வருஷமே அவர்கள் ஒரு சட்டம் செய்து, இந்தக் கோவிலுக்காக 1,000 யூரோ வரையில் கொடுக்கின்றவர் அதில் நூற்றுக்கு 75 பங்கைத் தம் வருமான வரியில் கழித்துக் கொள்ளலாம் என்றார்கள். அதாவது ஒருவர் 100 யூரோ கொடுத்தால் அவர் கையை விட்டுப் போவது 25. மீதி 75 பொதுப் பொக்கிஷத்துக்கு வரவேண்டிய வரி. கம்பெனிகளுக்கோ முன்பே நூற்றுக்கு 60 கழித்துக் கொள்ள வழியிருந்தது. பெயர் கொடையாளிக்கு, செலவு குடிகளுக்கு! அந்தச் சமயத்தில் பிரஞ்சு தேசத் தெருக்களில் மஞ்சள் சட்டை போட்டுக் கொண்டு கிளர்ச்சி செய்து கொண்டிருந்த ஏழைகள், கல்லுக்கு ஒரே ராத்திரியில் இவ்வளவு கிடைக்கும்போது எங்கள் வயிற்றுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டார்கள். ஒரு பெரிய பணக்காரக் குடும்பம் வரிச்சலுகை வேண்டாமென்று பகிரங்கமாய்ச் சொன்னதும் அந்தக் கூச்சலின் பிறகுதான்.

ஆகவே பொதுப்பணம் போயிற்று என்பதை நாம் ஒப்புக் கொள்ளுகின்றோம். ஏன் போயிற்று? அந்தக் கட்டிடம் பாதிரிமாருடையதல்ல, சர்க்காருடையது என்பதால்! இதுதான் அன்பர் கவனிக்கத் தவறிய இடம்.

1789-ஆம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி பிரஞ்சு ஜன சபை, மதஸ்தாபனத்தின் சொத்து யாவும் தேசத்தின் வசம் என்று தீர்மானித்தது. நிலம், மடம், கோவில் எல்லாம் அதில் அடங்கும். பிறகு நெப்போலியன் காலத்தில் போப்பாண்டவருடன் ராஜி ஏற்பட்டு, பாதிரிமாருக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கும் வழக்கம் நூறு வருஷம் நடந்தது. அதை ஒழிப்பதற்காகத்தான் 1905-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதிச் சட்டம் வந்தது. அரிஸ்தீது பிரியான் என்பவர் அதைச் சபையில் கொண்டு செலுத்தினார். குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளம் கொடுக்காது, மானியமும் கொடுக்காது என்பது அதன் உயிர். ஆனால் கட்டிடங்களை என்ன செய்வது? தலைமைக் கோவில்கள் சர்க்காருடையவை, ஊர்க் கோவில்கள் அந்தந்த ஊராட்சியினுடையவை என்று வைத்து, கும்பிடுகிறவர்கள் சங்கம் ஏற்படுத்திக் கொண்டு அவற்றை நடத்திக் கொள்ளட்டும் என்றார்கள். போப்பாண்டவர் அந்தச் சங்கங்களில் சேரக் கூடாதென்று 1906-இல் உத்தரவு போட்டார். விளைவு என்ன? சங்கம் இல்லாததால் கட்டிடங்கள் ஊராட்சி கையிலேயே தங்கின. இடிந்து போகாமல் பார்த்துக் கொள்ளும் செலவை ஊராட்சி செய்யலாமென்று 1908-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. நாஸ்திகர் சட்டத்தை எதிர்த்துப் போப்பாண்டவர் போட்ட உத்தரவினால்தான், நாஸ்திகர் வரிப்பணமும் சேர்ந்து கோவில் கூரைக்குப் போகும்படி ஆயிற்று! இன்றைக்கும் அங்குள்ள சுமார் 40,000 கோவில்கள் ஊராட்சிகளின் சொத்து. வீட்டுக்காரன் தன் வீட்டைப் பழுது பார்க்கின்றான். குடியிருப்பவன் வாடகையில்லாமல் இருக்கின்றான். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அந்த வீட்டுக்காரன் போட்ட கோட்டைப் பாருங்கள். பாரிசுக் கோவிலில் சுவர், கூரை, கோபுரம் ஆகியவற்றின் வேலையைச் சர்க்கார் ஸ்தாபனம் நடத்திற்று. உள்ளே பூசைக்கு வேண்டிய புதிய பலிபீடத்துக்கும், பக்தர்கள் உட்காருகின்ற நாற்காலிகளுக்கும் பாதிரிமார் தாங்களே தனியாக வசூல் செய்த பணம். சுவர் வரையில் தேசம், பீடத்திலிருந்து மதம். 2024-ஆம் வருஷம் டிசம்பர் 7-ந் தேதி கோவிலைத் திறந்தபோது, குடியரசுத் தலைவர் கோவிலுக்குள் நின்று பேசினால் முறையாகாதென்று வெளி முற்றத்தில் பேசுவதாகவே முதலில் ஏற்பாடாகியிருந்தது. அன்று காற்றும் மழையும் அடித்ததால் உள்ளே பேசினார். மழையில் நனைந்து கொண்டே பேசியிருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். ஆனாலும் அப்படியொரு கூச்சம் அவர்களுக்கு இருந்ததே, அதைச் சொல்ல வேண்டாமா? நம் நாட்டில் எந்த மந்திரிக்காவது அந்தக் கூச்சம் வந்து பார்த்திருக்கின்றோமா?

இன்னொன்றையும் கேளுங்கள், நமக்கு மிகவும் ருசியான விஷயம். திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 அக்டோபரில், அந்த நாட்டுக் கலாச்சார மந்திரி, பாரிசுக் கோவிலைப் பார்க்க வருகின்றவர்களிடம் தலைக்கு 5 யூரோ வசூலித்து அதைக்கொண்டு மற்றப் பழைய கோவில்களைப் பழுது பார்க்கலாம் என்றார். பாதிரிமார் எதிர்த்தார்கள். அந்த வாதத்தில் அவர்களுக்குக் கைகொடுத்தது என்ன தெரியுமா? வேதபுஸ்தகமல்ல. அதே 1905-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 17-வது பிரிவு! பொதுச் சொத்தாகப் பதிவான கோவிலைப் பார்க்கக் கட்டணம் வாங்கக் கூடாதென்று அதில் எழுதி வைத்திருக்கின்றார்கள். எந்தச் சட்டத்தைச் சாத்தானுடைய சட்டம் போலத் தூற்றினார்களோ, அந்தச் சட்டந்தான் 119 வருஷம் கழித்து மாதா கோவில் கதவை ஏழைக்கும் இலவசமாய்த் திறந்து வைக்கிறது.

பிரஞ்சுக்காரர் செய்ததெல்லாம் சரியென்று நாம் சொல்லவில்லை. புரட்சிக் காலத்தில், 1793-இல், அந்தக் கோவில் முகப்பிலிருந்த 28 ராஜாக்களின் சிலைகளைப் பிரஞ்சு ராஜாக்கள் என்று எண்ணிக் கொண்டு தலையைச் சீவினார்கள். அவை வேதபுஸ்தகத்தில் வருகின்ற யூத ராஜாக்களின் சிலைகள்! 1977-இல் பாரிசில் ஓரிடத்தில் தோண்டியபோது அந்தத் தலைகளில் 21 கிடைத்து, இப்பொழுது பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன. கல்லின் மேல் கோபித்துக் கொள்ளுகிறவன் யார் கல் என்றாவது விசாரிக்க வேண்டாமா? இப்படிப்பட்ட அழிவு வேலையைக் கண்டித்து 1794-இல் சபைக்கு அறிக்கை கொடுத்தவர் கிரேகுவார் என்பவர். அவர் பாதிரியார், அதே சமயம் குடியரசுக்காரர். பிறகு 1830-க்கு மேல் பழைய கட்டிடங்களைப் பார்வையிட ஒரு உத்தியோகஸ்தரை நியமித்து, 1840-இல் முதல் ஜாபிதா எழுதி, சட்டத்தின் மேல் சட்டமாக 1913-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதாவது, உடைத்ததும் அவர்களே, வெட்கப்பட்டதும் அவர்களே.

இப்பொழுதும் அங்கே கோணல்கள் உண்டு. ஸ்திராஸ்பூர், மெத்சு பட்டணங்களைச் சேர்ந்த ஜில்லாக்கள் 1905-இல் ஜெர்மனி வசம் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது. இன்றைக்கும் அங்கே பாதிரிமாருக்குச் சர்க்கார் சம்பளம். அதைவிடப் பெரிய கோணல் வேறு. 1905-க்கு முன் இருந்த கோவில்களுக்குத்தான் ஊராட்சிப் பாதுகாப்பு. பின்னால் கட்டுகிறவர்கள் தாங்களே கட்டிக் கொள்ள வேண்டும். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே பிழைக்க வந்த முஸ்லிம்கள் பெரும்பாலும் அதற்குப் பின் வந்தவர்கள். ஆகவே பழசைக் காப்போம் என்ற வார்த்தையே, பழைய மதத்தைக் காப்போம் என்ற காரியமாக முடிகின்றது. இந்த இடத்தை நம் தோழர்கள் நன்றாய் மனதில் வைக்க வேண்டும். ஏனெனில் நம் ஊரில் இதே பழமைதான் வேறு வேஷம் போட்டு வருகின்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். மானியம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு இறையிலி நிலம் ஞாபகம் வரும். உழுதவன் ஒருவன், தின்றவன் ஒருவன். இன்றைய மானியம் அப்படியல்ல, பழைய கட்டிடத்தைக் காப்பதற்கு என்கின்றார்கள். அப்படியானால் இந்திய அரசியல் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். அதன் 27-வது பிரிவு, ஒரு மதத்தை வளர்க்கவோ பராமரிக்கவோ செலவிடுவதற்கென்றே ஒதுக்கிய வரியைக் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதென்கிறது. 49-வது பிரிவு, தேசிய முக்கியத்துவமுள்ள பழைய சின்னங்களைக் காப்பது சர்க்காரின் கடமை என்கிறது. இரண்டுக்கும் சண்டையில்லை. முதலாவது கடவுளைப் பற்றியது, இரண்டாவது கல்லைப் பற்றியது. ஆனால் அதே அரசியல் சட்டத்தில் 1956-இல் செருகிய 290-ஏ என்ற பிரிவையும் படிக்க வேண்டும். திருவாங்கூரிலிருந்து நம்மோடு சேர்ந்த பகுதியின் கோவில்களைப் பராமரிக்கத் தமிழ்நாட்டுப் பொக்கிஷம் வருஷந்தோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தாக வேண்டும் என்று அதில் இருக்கின்றது. கேரளம் கொடுக்க வேண்டியது 46 லட்சத்து 50 ஆயிரம். முற்காலத்தில் அந்த ராஜ்யம் கோவில் நிலங்களை எடுத்துக் கொண்டதற்கு ஈடு என்று அதற்குச் சமாதானம் சொல்லுவார்கள். இருக்கட்டும். கோவிலிடமிருந்து எடுத்ததற்கு ஈடு உண்டு. கோவில் யாரிடமிருந்து எடுத்ததோ, அவர்களுக்கு ஈடு எந்தப் பிரிவில் எழுதியிருக்கின்றது?

2022-23-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கோவில்களைச் செப்பனிட 100 கோடி ரூபாய் என்று தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தது. அன்பர் ஊர்க் கோவில் அவ்வளவு பழையதா என்பது நமக்குத் தெரியாது. பழையதென்றே வைத்துக் கொள்ளுவோம். அதை இடிய விட வேண்டுமென்று நாம் சொல்லுகின்றோமா? இல்லை. இதைக் கேட்டு நம் தோழர்களிலேயே சிலர் முகம் சுளிப்பது தெரிகின்றது. காரணம் சொல்லுகின்றோம்.

தஞ்சாவூர் பெரிய கோவில் கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? ராஜராஜன் அந்தக் கோவிலுக்கு விட்ட கிராமங்களைக் கணக்கெழுதும்போது, வரி நீக்கிய இடங்களின் ஜாபிதாவில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று கல்லிலே வெட்டியிருக்கின்றார்கள். சுடுகாட்டில்கூட வெள்ளாளனுக்கு ஒன்று, பறையனுக்கு ஒன்று. நானூறு பெண்களை ஊர் ஊராய்க் கொண்டு வந்து கோவில் சேவைக்குக் குடிவைத்து, தலைக்கு வருஷம் நூறு கலம் நெல் ஏற்பாடு செய்ததும், அந்தப் பெண்களின் பெயர், எந்த ஊர், எத்தனையாவது வீடு என்பதும் அங்கேயே இருக்கின்றன. தீண்டாமை வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று இன்று மேடைக்கு மேடை பேசுகின்ற பண்டிதர்களுக்கு நாம் காட்டக் கூடிய சாட்சி எது? அந்தக் கல்தான்! ஆயிரம் வருஷத்துக்கு முன்பு அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம். அதை மணல் பீய்ச்சிச் சுரண்டுவதும், சுண்ணாம்பும் பெயிண்டும் பூசி மறைப்பதும், கருங்கல் தரையை எடுத்துவிட்டு டைல் ஒட்டுவதும் பக்தர்கள் என்பவர்கள் செய்கின்ற காரியம். அப்படியிருக்க நாமா கோவிலை அழிக்கின்றவர்கள்?

ஆகவே கல்லுக்குக் கொடுக்கட்டும். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவனும், பழைய காரை வேலை தெரிந்த கொத்தனும் முன்னின்று செய்யட்டும். குடமுழுக்கு, யாகசாலை, நெய், பட்டு, புரோகிதர் தட்சிணை இவைகளில் ஒரு காசு கூட அந்தக் கணக்கில் சேரக் கூடாது. வேண்டுமானவர்கள் உண்டியல் வைத்து வசூலித்துக் கொள்ளட்டும். பாரிசுப் பாதிரியார் நாற்காலிக்கு வசூலித்தாரே, அதைப்போல.

பிறகு சாவி விஷயம். பிரஞ்சு தேசத்தில் பணம் கொடுத்தவன் கதவைத் திறந்து வைத்தான். இங்கே? விழுப்புரம் ஜில்லா மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் ஆதித்திராவிட மக்கள் வரக் கூடாதென்று தகராறு செய்ததால், 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் கோவிலைப் பூட்டி சீல் வைக்க வேண்டியதாயிற்று. ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்தது. எண்ணிப் பாருங்கள், 76 வருஷம்! இப்படிப்பட்ட ஊரில் கோபுரத்துக்கு மானியம் கேட்டால், சேரிக்காரன் தீப்பெட்டி வாங்கும்போதும் உப்பு மிளகாய்க்கு மேல் எண்ணெய் வாங்கும்போதும் கொடுக்கின்ற வரியிலிருந்துதானே அந்த மானியம் வருகின்றது? அவன் பணம் கருவறைச் சுவர் வரையில் தாராளமாய்ப் போகலாம், அவன் கால் மட்டும் வாசலோடு நிற்க வேண்டுமா? பணத்துக்கு இல்லாத தீட்டு ஆளுக்கு எங்கிருந்து வந்தது? மானியம் வாங்குகின்ற கோவிலில் யாரும் எதுவரையிலும் போகலாம், படித்துத் தேறியவர் எந்த ஜாதியானாலும் மணியடிக்கலாம் என்று முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பணத்தை வாங்கட்டும். 2021 ஆகஸ்டு 14-ந் தேதி பல ஜாதியாரும் சேர்ந்த 24 பேரை அர்ச்சகராக நியமித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. அதைத் தடுக்கக் கோர்ட்டுக்கு ஓடினவர்கள்தான், கோவில் நம் எல்லோருடைய பாரம்பரியம் என்று மானியத்துக்கு மனுப் போடும்போது சொல்லுகின்றார்கள். எல்லோருடையதென்றால் செலவு மட்டுந்தானா?

கூட்டத்தில் யாரோ ஒரு பெயரைச் சொல்வது காதில் விழுகின்றது. வைக்கம் என்கின்றார். சரி, அதையும் பேசிவிடுவோம். பாரிசுக் கோவிலைத் திறந்த ஐந்தாம் நாள், 2024 டிசம்பர் 12-ந் தேதி, வைக்கத்தில் பெரியார் நினைவகத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் சுமார் 8 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்துத் திறந்தது. அது மட்டும் பொதுப்பணம் இல்லையா என்பது கேள்வி. பொதுப்பணந்தான். கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடக்க 1924-இல் போராட வேண்டியிருந்தது என்ற சங்கதியை வருகின்றவர்களுக்குச் சொல்லுகின்ற கட்டிடம் அது. யாரும் வரலாம், படிக்கலாம், ஒப்புக் கொள்ளாமலும் போகலாம். ஆனால் அந்த இடத்தில் யாராவது ஊதுவத்தி கொளுத்தி, சூடம் காட்டி, விழுந்து கும்பிட ஆரம்பித்தால், அன்றைக்கே அந்தப் பணத்தை நிறுத்து என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அன்பருக்குப் போட்ட கோடு நமக்கும் அதே கோடு.

கடைசியாக ஒன்று விட்டுப் போயிற்று. பழைய கட்டிடம் என்றவுடன் எல்லோருக்கும் கோவில்தான் ஞாபகம் வருகின்றது. ஏரிக்கரையில் கல் மதகு இருக்கின்றது. வழிப்போக்கர் தங்கிய சத்திரம் இருக்கின்றது. மூன்று தலைமுறை படித்த ஓட்டுப் பள்ளிக்கூடம் இருக்கின்றது. அவற்றையும் மனிதன்தான் கட்டினான். பூசை இல்லாத காரணத்தால் அவற்றுக்கு மனுப் போட ஆளில்லை. இந்த ஊருக்கு வரும் வழியிலேயே அப்படி ஒரு மதகைப் பார்த்தோம். ஷட்டர் பலகை போய், கல் சரிந்து கிடக்கின்றது. சீட்டு எழுதிய அன்பர் இந்த ஊர்க்காரராயிருந்தால் சிவன் கோவில் மனுவோடு அதையும் சேர்த்து எழுதட்டும். மேலே சொன்ன நிபந்தனைகளை ஒப்புக் கொண்டு எழுதுவாரானால், மனுவின் அடியில் முதல் கையெழுத்து நம்முடையது. அவர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வரலாம், பேனா இருக்கின்றது. இனி நோட்டீசில் கண்ட விஷயத்தைப் பற்றி அடுத்த தோழர் பேசுவார்.